குதிர் உள்ள வீடும் குதிர் இல்லாத வீடும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது காவிரிப் பாசனத்தில் பிறந்த குழந்தையும் அறிந்த செய்தி. பனி பெய்யும் தேசங்களில் குளிர்காலத்தை உத்தேசித்து ஜனங்கள் உணவுப் பண்டம் சேர்த்து வைப்பதுண்டு. நம்முடைய தஞ்சைச் சீமையில் பனிக்கட்டி இல்லை; ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட ஒட்டாமல் நாட்கணக்கில் கொட்டும் மழை உண்டு. வயலில் வேலை நின்றுவிடும், சந்தை கூடாது, வெயிலின் முகத்தைக் காண்பதே அரிதாகும். ஆகையால் மழைக்கு முன்னரே அடுப்படியை நிரப்பிக்கொள்வது நம் குடும்பங்களின் பரம்பரை தர்மமாக இருந்துவந்திருக்கிறது.

2020-ம் வருஷத்தில் இந்த தர்மத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. மழைக்குப் பயந்து சேமித்த ஜனங்கள் அவ்வருஷம் கொள்ளை நோய்க்கும் பயந்து சேமிக்க நேர்ந்தது. யார் வீட்டில் குதிர் நிறைந்திருந்தது, யார் வீட்டில் பானை கவிழ்ந்திருந்தது என்பதை அந்த ஒரே வருஷம் பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது. அந்தப் பாடத்தை நாம் மறந்துவிடலாகாது என்பதற்காகவே இன்று இதை எழுதத் துணிந்தோம்.

பங்குனி முதல் புரட்டாசி வரை

பண்டம் சேர்ப்பது என்றால் கடைக்குப் போய் ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வாங்கி வருவது என்று இக்காலத்தவர் நினைக்கிறார்கள். நம் தாய்மார் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு மாதம் உண்டு. தையில் சம்பா அறுவடையானதும் விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் நெல்லைப் பிரித்துவிடுவார்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்; கொட்டையும் கோதும் நீக்கி, உப்பைக் கலந்து அழுத்தி, மண்சாலில் அடைப்பார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வெயிலில் காய்ந்து பானைக்குள் புகும். சித்திரை வெயிலில் மாடி முழுவதும் கூழ் வடகம், தாளிப்பு வடகம், மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல் என்று பரந்து கிடக்கும். மாவடுவும் ஆவக்காயும் ஜாடியில் ஊறும். மழைநாளில் கறிகாய் அகப்படாவிட்டால் வற்றற் குழம்பும் சுட்ட அப்பளமும் மானத்தைக் காப்பாற்றும் என்பது கணக்கு.

இவற்றிலெல்லாம் முக்கியமான வேலை புரட்டாசியில் நடப்பது. நெல்லைப் புழுக்கிக் காயவைக்க வெயில் வேண்டும். அடைமழை தொடங்கிவிட்டால் புழுங்கல் நெல் காயாது. காயாத நெல்லைக் குற்றினால் அரிசி நொறுங்கும், நாறும். எனவே மழைக்கு முன்பே இரண்டு மாதத்துக்கான அரிசியைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அரிசிப் பானையில் வேப்பிலையோ, நொச்சித் தழையோ, வசம்புத் துண்டோ இட்டு வண்டைத் தடுப்பார்கள். பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் உலர்த்துவார்கள். வறட்டியும் விறகும் பரணில் ஏறும். மாட்டுக்கு வைக்கோற்போர் நிற்கும். மழைக்காலத்துக்கு ஒரு குடும்பம் தயாராவது என்றால் அதற்கு இத்தனை அங்கங்கள் உண்டு.

இந்த ஏற்பாடு நின்றது மூன்று கால்களின் மீது: வைக்க ஒரு பொருள், வைக்க ஓர் இடம், முன்கூட்டியே வாங்கக் கையில் ஒரு பணம். மண்ணுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குதிரோ, பலகையால் செய்த பத்தாயமோ, வைக்கோற் பிரியால் சுற்றிய சேரோ உள்ள வீட்டில் மூன்றும் இருந்தன. ஒழுகும் கூரையின் கீழ் இரண்டு மண்பானையோடு வாழும் கூலிக்காரன் வீட்டில் மூன்றில் ஒன்றும் இல்லை. ‘முன்யோசனை இல்லாதவர்கள்’ என்று அவர்களைப் பழிப்பது நம்மவர்களில் பலருக்கு வழக்கம். யோசனைக்கு அவ்வீட்டில் குறைவில்லை. யோசித்ததை நிறைவேற்றப் பொருள்தான் இல்லை.

சேமிக்கும் பருவத்திலேயே விழுந்த இடி

2020-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. மறுநாள் முதல் தேசம் முழுவதும் ஊரடங்கு. தேதியைக் கவனியுங்கள்: அது பங்குனி மாதம். புளியும் மிளகாயும் பருப்பும் வாங்கி வருஷத்துக்கு அடைக்கும் பருவம். அந்தப் பருவத்தில் வாரச் சந்தைகள் மூடப்பட்டன. பஸ்கள் நின்றன. மளிகைக் கடைகள் நாளில் சில மணி நேரமே திறந்திருந்தன. காய்கறி மார்க்கெட்டுகளைப் பஸ் நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாற்றினார்கள். மே 5-ந் தேதி சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டே நோய் பரவும் இடமாகிவிட்டது என்று மூடப்பட்டது. கடைத்தெருவுக்குப் போவதே பிராணாபாயம் என்ற நிலை பிறந்தது.

இங்கே நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஊரடங்குக்கு முந்திய நாள் நாமும் கையில் ஒரு பட்டியலோடு மளிகைக் கடையில் நின்றோம். மூன்று மாதத்துக்கு வேண்டிய துவரம் பருப்பு, உளுந்து, எண்ணெய் எல்லாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நமக்குப் பின்னால் நடவு வேலை செய்யும் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். அவள் கேட்டது நூறு கிராம் பருப்பும் பத்து ரூபாய்க்குப் புளியும். கடைக்காரர் நம் மூட்டையைக் கட்டி முடித்தபின், “பருப்பு ஆகிவிட்டதம்மா, நாளைக்கு வா” என்றார். “நாளைக்குக் கடை ஏதய்யா?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். நாம் பதுக்கல்காரர் அல்லர், பயந்த குடும்பஸ்தர். ஆயினும் நம் பயத்தின் விலையை அன்று அவள் செலுத்தினாள். அந்த ஞாபகம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

ஏழையின் குதிர்

அந்த அம்மாளைப் போன்ற லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது எது? ரேஷன் கடை என்றே சொல்ல வேண்டும். 2011-ம் வருஷம் ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரருக்கு அரிசி விலையின்றிக் கிடைத்துவருகிறது. கொள்ளை நோய் வந்தபோது 2020 ஏப்ரலில் அட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவையும் இலவசமாக அளிக்கப்பட்டன. கூட்டம் சேராதபடி நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டன. மத்திய சர்க்கார் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் அதிகமாக வழங்கும் திட்டத்தை அறிவித்து, பிறகு நவம்பர் வரை நீடித்தது. 2021-ல் இரண்டாவது அலை வீசியபோது மாநில சர்க்கார் 4,000 ரூபாயை இரு தவணையாகவும், 14 மளிகைப் பண்டங்கள் கொண்ட பையையும் கொடுத்தது. கோதுமை மாவு, ரவை, உளுத்தம் பருப்பு, புளி, கடுகு, சீரகம், மஞ்சள் முதலானவை அந்தப் பையில் இருந்தன. சோறு மட்டும் உணவாகாது, அதற்குக் குழம்பும் வேண்டும் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம்.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை குறைவு என்றும், பண்டம் வரவில்லை என்றும், அட்டையில் பெயர் இல்லை என்றும் முறையீடுகள் எழுந்தன. ஆனால் பொதுக் களஞ்சியம் என்ற ஒன்று இருந்ததனால்தான் 2020-ல் பசி பஞ்சமாக மாறவில்லை. இதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய வருஷங்களைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

1918-ம் வருஷம் முதல் உலக யுத்தத்தின் கடைசிக் கட்டம். விலைவாசி ஏறியிருந்தது. அவ்வருஷம் பருவமழையும் பொய்த்தது. செப்டம்பரில் சென்னை நகரில் அரிசிக் கடைகளை ஜனங்கள் சூறையாடினார்கள்; மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் கலகங்கள் நடந்தன. அந்தப் பசியின் மேல்தான் இன்புளுயன்சா என்னும் விஷ ஜுரம் வந்து விழுந்தது. இந்தியாவில் மட்டும் மாண்டவர் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. நோய்க்கு ஏழையும் ஒன்று, தனிகனும் ஒன்று என்று வேதாந்தம் பேசுவோர் உண்டு. வெறும் வயிற்றோடு படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்பதே அவ்வருஷத்து அனுபவம்.

பிறகு 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரத்து அற்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம். அதை விசாரித்த கமிஷன் மாண்டவர் தொகையைச் சுமார் 15 லட்சம் என்றது. பிற்கால ஆராய்ச்சிகள் அதை 30 லட்சம் வரை உயர்த்தின. பசியை அடுத்து மலேரியாவும் காலராவும் வந்து மிச்சத்தை வாரிச் சென்றன. நாட்டில் தானியம் இருந்தும் அதை வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லாமற் போனதே அப்பஞ்சத்தின் வேர் என்று அமர்த்திய சென் 1981-ல் எழுதிய நூலில் விளக்கினார். அந்த யுத்த காலத்து நெருக்கடியில்தான் நம் தேசத்தில் ரேஷன் முறை வேரூன்றியது. அன்று முளைத்த செடியின் நிழலில்தான் 2020-ல் நாம் ஒதுங்கினோம்.

நெல் விளைந்தும் நனைந்தது

நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நம் சீமையில் அவ்வருஷம் விளைவுக்குக் குறைவில்லை. 2020 ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்பட்டது. எட்டு வருஷங்களுக்குப் பின் கிடைத்த பாக்கியம் அது. நகரத்து வேலை இழந்து ஊர் திரும்பியவர்களும் வயலில் இறங்கினார்கள். குறுவை அமோகமாக விளைந்தது. தேசமே முடங்கிக் கிடந்த காலத்தில் டெல்டா உழவன் முடங்கவில்லை.

ஆனால் என்ன நேர்ந்தது? அக்டோபரில் அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவியல் குவியலாகக் கிடந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972 முதல் நம் நெல்லைக் கொள்முதல் செய்துவருகிறது. சன்னரகக் குவிண்டாலுக்கு 1,958 ரூபாய் என்று அவ்வருஷம் விலையும் வைத்தார்கள். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஐப்பசி வானத்தின் கீழ் தார்ப்பாய் போட்டு மூடிய நெல்லில் ஈரம் எப்படிக் குறையும்? குவியலின் மேலேயே பயிர் முளைத்தது. ஒரு பக்கம் பருப்பும் புளியும் இல்லாத அடுக்களை. மறு பக்கம் சாலை ஓரத்தில் முளைவிடும் நெல். இந்த இரண்டையும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் நாம் கண்டோம்.

அதன் பின் மழையும் தன் பங்கைச் செலுத்தியது. நவம்பர் 25-ந் தேதி நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரு வாரம் ஆகுமுன் புரெவி. அது இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றபடியே டெல்டாவின் மேல் மழையைக் கொட்டியது. கொள்ளிடம், சிதம்பரம் பக்கங்களில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. குடிசைகளில் தண்ணீர் புகுந்தது. ரேஷன் அரிசி வைத்த பானை நனைந்தது. ‘விலகி நில்லுங்கள்’ என்று சொன்ன அதே உத்தியோகஸ்தர்கள் முகாமில் ஒன்றாகத் தங்கச் சொல்ல நேர்ந்தது. 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டிப் பெய்த காலந்தப்பிய மழை, கதிர் முற்றிய சம்பாவையும் சாய்த்துவிட்டது. அவ்வருஷம் பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் சர்க்கார் கொடுத்தது உண்மை. சாய்ந்த கதிருக்கு அது ஈடாகுமா?

கூலி நெல்லும் கூலிப் பணமும்

கூலிக்காரன் வீட்டில் ஏன் குதிர் இல்லை என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஒரு காலத்தில் இச்சீமையில் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அந்த நெல்லின் அளவு உயிரைக் காக்கப் போதியதாக இருந்ததே ஒழிய, மிச்சம் பிடிக்கப் போதியதாக ஒருநாளும் இருந்ததில்லை. 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் நடந்தது என்ன? கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், ஒடுக்கப்பட்ட மக்கள் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். அரைப்படி நெல் என்பது ஒரு குடும்பம் மழைநாளுக்கு எடுத்து வைக்கக்கூடிய பிடி அரிசி. அதை மறுத்த ஊரில் குதிர் எங்கிருந்து முளைக்கும்?

இன்று கூலி பெரும்பாலும் பணமாகவே கொடுக்கப்படுகிறது. அறுவடையை இயந்திரம் செய்துவிடுகிறது. களத்தில் கிடைத்த கூலி நெல்லும், அறுத்த வயலில் பொறுக்கிய கதிரும் போய்விட்டன. பணம் அன்றன்றைக்கு வருகிறது, அன்றன்றைக்குப் போகிறது. பத்து ரூபாய்க்குப் புளி வாங்குகிறவன் மொத்தமாக வாங்குகிறவனைவிட அதிக விலை கொடுக்கிறான் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். தரித்திரத்துக்கும் ஒரு வட்டி உண்டு; அதை அவன் நாள்தோறும் கட்டுகிறான்.

சேமிப்பும் பதுக்கலும்

குடும்பம் தன் வயிற்றுக்கு வைப்பது சேமிப்பு. வியாபாரி பிறர் பசிக்குக் காத்து வைப்பது பதுக்கல். இந்த வித்தியாசத்தைத் தெளிவாக வரையவே 1955-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் செய்யப்பட்டது. 2020 மார்ச்சில் முகக் கவசத்தையும் கை கழுவும் கிருமிநாசினியையும் அச்சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது சரியான காரியம். ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் அச்சட்டத்தைத் திருத்தி, தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு அசாதாரணக் காலத்தில் தவிர இருப்புக் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். அந்த மாதத்திலேயே வெங்காயம் விலை ஏறியதால் அதன் ஏற்றுமதியைத் தடை செய்யவும் நேர்ந்தது. விவசாயிகளின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2021-ல் அத்திருத்தம் மற்ற இரு சட்டங்களோடு வாபஸ் பெறப்பட்டது. நோய்க் காலத்தில் பூட்டைத் தளர்த்தியவர்கள், அனுபவத்தால் மீண்டும் பூட்டினார்கள் என்று கொள்வோம்.

நாம் சொல்வது இது

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். வெள்ளத்துக்கும் வண்டுக்கும் எட்டாதபடி அதைக் கட்டிய கொத்தனுக்குத் தெரிந்த விஷயம், கம்பியூட்டரில் கணக்கெழுதும் நமக்குத் தெரியாமலா போயிற்று?

முதலாவது: புரட்டாசிக்குள், மழைக்கு முன்பாகவே, டெல்டாவின் ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு மாத அரிசியும் பருப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது நடவாத காரியம் அன்று. 2025-ல் ஜூன் முதல் மூன்று மாதத் தானியத்தையும் மழைக்கு முன்னரே வழங்கிவிடும்படி மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வடக்கின் மழைக்கு ஆனி என்றால் நம் மழைக்கு ஐப்பசி; காலண்டரை நம் வானத்தைப் பார்த்து வகுக்க வேண்டும்.

இரண்டாவது: கொடுத்த அரிசியை நனையாமல் வைக்க மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் குடிசைதோறும் அளிக்க வேண்டும். ஒரு தகர டின்னின் விலை ஒரு நிவாரண முகாமின் செலவில் எத்தனையில் ஒரு பங்கு?

மூன்றாவது: கொள்முதல் நிலையங்களுக்குக் கூரையும், நெல் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும். 2023 பிப்ரவரியில் மழையால் நெல் நனைந்தபோது ஈரப்பத வரம்பை 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் குழு வந்து பார்த்து, டில்லிக்கு எழுதி, பதில் வரும்வரை நெல் காத்திருக்காது, அது முளைத்துவிடும். விதியை முன்பே வகுத்து வைப்பதே விவேகம்.

நான்காவது நமக்கு. வசதியுள்ள குடும்பஸ்தர் பருவத்தில் வாங்கட்டும். பீதியில் வாங்க வேண்டாம். பங்குனியில் புளியும் சித்திரையில் வடகமும் சேர்த்தவன் ஊரடங்கின் முந்திய நாள் கடையை முற்றுகையிட மாட்டான். கிராமத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து பருப்பையும் புளியையும் மலிந்த காலத்தில் மொத்தமாக வாங்கி, ஐப்பசியில் அதே விலைக்கு நூறு கிராம் நூறு கிராமாக நிறுத்துக் கொடுக்கலாம். ஊருக்கு ஒரு பொதுக் குதிர் இருந்தால் வீட்டுக்கு வீடு குதிர் இல்லாத குறை தீரும்.

கொள்ளை நோய் மறுபடியும் வரும். எப்போது என்பதுதான் தெரியாது. அடைமழையோ வருஷந்தோறும் வரும். எப்போது என்பதும் தெரியும். தெரிந்த விருந்தாளிக்கே இலை போடாதவர்கள் தெரியாத விருந்தாளியை எப்படி எதிர்கொள்ளப் போகிறோம்? இன்னொரு முறை ஓர் அம்மாள் கடை வாசலில் நின்று, நூறு கிராம் பருப்புக்கு ‘நாளைக்கு வா’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவாளானால், அந்தப் பாவம் மழையைச் சேராது, நோயையும் சேராது. நெல் விளையும் பூமியில் பிறந்து, சோறுண்டு வாழும் நம் எல்லோரையுமே சேரும்.